அணைந்துபோகும் சுவாலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடந்த இதழில் சமையல் எரிவாயு பற்றி எழுதிய சிறு குறிப்பையடுத்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தையே சுற்றுகின்றன: தானாக நின்றுவிடும் சுவாலை, அதை நிறுத்தும் பாதுகாப்பு சுவிச், அந்த சுவிச்சை எப்படியாவது ஏமாற்றிவிட முடியாதா என்ற ஆசை. அவற்றுள் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதற் கடிதம் நமது ஊருக்குச் சற்றும் பொருந்தாத இயந்திரம் ஒன்றைப் பற்றியது. ஆயினும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடல் கடந்து பிள்ளைகள் வாழாத தெரு அரிது என்பதால், அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எனது மூத்த மகள் குடும்பத்துடன் கனடாவில் ஸ்காபரோவில் வசிக்கிறார். அவர்களது வீட்டின் நிலக்கீழ் அறையில் உள்ள எரிவாயு உலை, அதை அவர்கள் பேர்னஸ் என்கிறார்கள், சில நாட்களாகத் தொடங்கி ஐந்தாறு நிமிடம் ஓடிய பின் நெருப்பு நின்றுவிடுகிறதாம். சற்று நேரம் கழித்து மீண்டும் தானாகவே தொடங்குகிறதாம். வந்து பார்த்த ஒருவர் "பாதுகாப்பு சுவிச் பழுது, மாற்ற வேண்டும்" என்று சொல்லி, வார இறுதியில் வருவதாகக் கூறிச் சென்றுவிட்டார். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிர். மின்வேலை தெரிந்தவரான எனது மருமகன், அந்த சுவிச்சின் இரண்டு வயர்களையும் நேரடியாக இணைத்துவிட்டால் அதுவரைக்கும் சமாளிக்கலாம் என்கிறார். நான் அந்த இயந்திரத்தைக் கண்டதில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை.
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி)

பதில்: மருமகனுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரட்டும். அந்த இரண்டு வயர்களையும் இணைக்க வேண்டாம். ஓர் இரவுக்கும் வேண்டாம். முதலில், உலைக்குப் போகும் காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கும் பில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அங்கேயே விடை கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதான மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்த இயந்திரத்தைக் கற்பனை செய்வது கடினந்தான். வீதியிலிருந்து குழாய் வழியாக வரும் இயற்கை வாயு அதனுள் எரிகிறது. எரிந்த புகை, வெப்பமாற்றி எனப்படும் உலோகக் குழாய்களின் உட்புறமாகச் சென்று, புகைக்குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. வீட்டுக் காற்றோ அதே உலோகத்தின் வெளிப்புறத்தைத் தழுவிச் சென்று சூடாகி, பெரிய ஊதுவிசிறியால் ஒவ்வோர் அறைக்கும் தள்ளப்படுகிறது. இந்த இரு காற்றும் ஒருபோதும் கலக்கக் கூடாது. அந்த இயந்திரத்தில் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, நெருப்பு தன் இடத்தைவிட்டு வெளியே வராமலும், புகை வீட்டுக்குள் நுழையாமலும், அந்த உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகாமலும் பார்த்துக்கொள்ளவே பொருத்தப்பட்டிருக்கின்றன.

சுவரிலிருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியான தெர்மோஸ்ராற் சூடு வேண்டுமென்று கேட்டவுடன் நெருப்புப் பற்றிவிடுவதில்லை. முதலில் புகையை வெளியேற்றும் சிறிய விசிறி சுழலத் தொடங்கும். அது உண்மையாகவே காற்றை இழுக்கிறதா என்பதை அழுத்த சுவிச் உறுதி செய்யும். அதன் பின்னர் பற்றவைக்கும் கருவி செந்தணலாகச் சூடேறும். பிறகுதான் வாயு வால்வு திறக்கும். நெருப்புப் பற்றியதை, சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகக் கோல் ஒன்று உணர்ந்து சொல்ல வேண்டும். சில விநாடிகளுக்குள் அது சொல்லாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். நெருப்பு நிலைத்த பின்னர், அரை நிமிடம் அளவில் ஊதுவிசிறி தொடங்கும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது, வெப்பம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் லிமிற் சுவிச்சும், நெருப்பு எரிமுனைப் பெட்டிக்கு வெளியே நாக்கை நீட்டினால் திறந்துகொள்ளும் மற்றொரு சுவிச்சும் காத்திருக்கும். பெரும்பாலான உலைகளில் இவை 24 வோல்ட் மின்சுற்றில் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மாமாங்கேஸ்வரர் திருவிழாவில் ஒரே வரிசையாகக் கோத்த சிறு மின்குமிழ்களில் ஒன்று போனால் வரிசை முழுவதும் அணைந்துவிடுவது போல, இவற்றில் எது திறந்தாலும் வாயு நின்றுவிடும்.

ஆகவே "பாதுகாப்பு சுவிச் பழுது" என்று ஒருவர் சொன்னால், எந்த சுவிச் என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். உலை எந்த நேரத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். சிறு விசிறி சுழன்றும் நெருப்பே பற்றவில்லையென்றால், அழுத்த சுவிச்சின் பக்கம் பார்க்க வேண்டும்: வெளிச்சுவரிலுள்ள புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கலாம், நவீன உலைகளில் புகை குளிர்ந்து உண்டாகும் நீர் வடியும் சிறு குழாய் அடைத்திருக்கலாம். நெருப்புப் பற்றிய சில விநாடிகளிலேயே அணைந்து, இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு உலை பூட்டிக்கொண்டால், அந்த உணர்கோல் அழுக்கேறியிருப்பதே வழக்கமான காரணம். அதனூடாகச் செல்வது மைக்ரோ அம்பியர் அளவான மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் மெல்லிய படிவுகூட அதைத் தடுத்துவிடும். தொழில்நுட்பர் அதை நுண்ணிய உருக்குக் கம்பளியால் துடைத்தே சரி செய்துவிடுவார்.

உங்கள் மகள் வீட்டில் நடப்பது இவ்விரண்டும் அல்ல. ஐந்தாறு நிமிடம் நன்றாக எரிந்து, பின்னர் நின்று, ஆறிய பிறகு தானாகவே மீண்டும் தொடங்குவது லிமிற் சுவிச்சின் இயல்பு. வெப்பமாற்றியைச் சுற்றியுள்ள காற்று அளவுக்கு மீறிச் சூடானதும் அது திறக்கும். சூடு தணிந்ததும் மூடிக்கொள்ளும். அந்தச் சூடு ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நெருப்புக் கூடிப்போனதல்ல, காற்றோட்டம் குறைந்துபோனதே. குறைவதற்கான காரணங்களுள் முதலாவது, தூசியால் அடைத்த பில்டர். குளிர்காலத்தில் உலை இரவு பகலாக ஓடும்போது, ஓர் அங்குலத் தடிப்புள்ள சாதாரண பில்டரை மாதந்தோறும் எடுத்துப் பார்ப்பதே நல்லது. விலை கூடிய, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் பில்டரைப் போட்டால் வீடு சுத்தமாக இருக்கும் என்று எண்ணிச் சிலர் மாற்றிவிடுகிறார்கள். அந்த உலை அதற்கேற்ப அமைக்கப்படவில்லையென்றால் காற்றே போகாமல் இதே பிரச்சினை வரும். அடுத்தது, செலவைக் குறைக்கிறோம் என்று பாவனையில்லாத அறைகளின் காற்றுத் துவாரங்களையெல்லாம் மூடிவைப்பது. காற்று திரும்பி உலைக்குப் போகும் பெரிய துவாரத்தின் முன்னால் சோபாவையோ பெட்டியையோ வைத்துவிடுவதும் உண்டு. இவை ஒன்றும் இல்லையென்றால், ஊதுவிசிறியின் மோட்டரோ அதன் கொண்டென்சரோ பலமிழந்திருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய மகளே ஒரு சோதனை செய்யலாம். நெருப்பு நின்ற அந்த நேரத்தில், அறையிலுள்ள காற்றுத் துவாரத்தின் மேல் கையை வைத்துப் பார்க்கட்டும். காற்றே வரவில்லையென்றால் ஊதுவிசிறியில் கோளாறு. காற்று வருகிறது, ஆனால் பலவீனமாக வருகிறது என்றால் பில்டர் அல்லது மூடிய துவாரங்கள். பலமாக வந்தும் லிமிற் சுவிச் திறந்தால்தான் சுவிச்சின் மீதே சந்தேகப்பட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

மருமகனுக்கு மின்னழுத்தம் அளக்கும் மல்ரிமீற்றர் பிடிக்கத் தெரியும் என்பதால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். உலையின் கட்டுப்பாட்டுப் பலகையில் மினுக்கும் சிறு எல்இடி விளக்கு இருக்கும். அது எத்தனை முறை மினுக்கினால் என்ன பொருள் என்ற அட்டவணை, கதவுத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு அது வேறுபடுவதால் வேறோர் உலையின் அட்டவணையைப் பார்த்துப் பயனில்லை. மின்சாரத்தை நிறுத்தாமல் கதவைக் கழற்றக் கூடாது. பல உலைகளில் மின்சாரத்தை நிறுத்தினால் பதிவான குறியீடு அழிந்துவிடும் என்பதால், பார்வைத் துவாரத்தின் வழியாக மினுக்கத்தை எண்ணி எழுதிக்கொண்ட பிறகே நிறுத்த வேண்டும். கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் உலை ஓடாது. அதற்கென்றே ஒரு கதவு சுவிச் இருக்கிறது. பில்டரை மாற்றிவிட்டுக் கதவைச் சரியாக மூடாமல், உலை முற்றாகச் செத்துவிட்டது என்று பயந்து தொழில்நுட்பரை அழைப்பவர்கள் அங்கே ஏராளம். வந்த தொழில்நுட்பரிடம் மருமகன் கேட்க வேண்டியது இதுதான்: உலை வெப்பம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த சுவிச்சின் இரு முனைகளுக்கும் இடையே என்ன அளவு காட்டியது? மூடியிருக்கும் சுவிச்சில் பூச்சியம் வோல்ட் காட்டும். திறந்திருந்தால் 24 வோல்ட் அளவில் காட்டும். உலை ஆறிய பின்னும் திறந்தே இருந்தால் அல்லது அங்குள்ள வெப்பம் எல்லைக்கு நன்றாகக் கீழே இருக்கும்போதே திறந்தால் சுவிச் பழுது என்று ஏற்றுக்கொள்ளலாம். அளந்து பார்க்காமலே மாற்ற வேண்டும் என்றிருந்தால், புதிய சுவிச்சும் ஐந்தாவது நிமிடத்தில் திறக்கத்தான் போகிறது. பலகாலம் திறந்து திறந்து மூடிய லிமிற் சுவிச் தளர்ந்துபோவது உண்மையே. மாற்றும்போது அதில் பொறித்திருக்கும் அதே வெப்பநிலை அளவுள்ளதையே போட வேண்டும். "சற்றுக் கூடிய அளவு போட்டால் அடிக்கடி நிற்காது" என்று யாராவது சொன்னால், அவரை அனுப்பிவிட்டு வேறொருவரை அழைப்பதே நல்லது.

இனி அந்த இரு வயர்களின் கதை. அவற்றை இணைத்தால் உலை ஓடும் என்பதில் சந்தேகமில்லை. காற்றோட்டம் இல்லாமலே ஓடும். வெப்பமாற்றியின் உலோகம் திரும்பத் திரும்ப அளவுக்கு மீறிச் சூடாகிச் சுருங்கி விரிந்து, ஒரு நாள் வெடிப்பு விழும். அதன் பின்னர் கலக்கக் கூடாத இரு காற்றும் கலக்கும். அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கலாம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எரிவாயுவுக்கு மணம் சேர்க்கப்படுவதால் கசிந்தால் மூக்கு அறியும். இதை மூக்கு அறியாது. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்வதால், உறங்கிக்கொண்டிருப்பவர் விழிக்காமலே போய்விடுகிறார். ஒன்ராறியோ மாகாணத்தில், எரிபொருள் எரியும் கருவிகள் உள்ள வீடுகளில் உறங்கும் அறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2014ஆம் ஆண்டு முதல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மகள் வீட்டில் அது இருக்கிறதா, மின்கலம் வேலை செய்கிறதா, காலாவதித் திகதி கடந்துவிட்டதா என்பதை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எரிவாயுக் கருவியில் வேலை செய்பவர் அதற்குரிய உரிமப் பத்திரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அதைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவாகாது.

நெருப்பு வெளியே நாக்கு நீட்டும்போது திறக்கும் சுவிச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் நடுவே சிறு பொத்தான் இருக்கும். கையால் அழுத்தினால்தான் திரும்ப மூடும். தானாக மூடாதபடி அமைத்ததே, ஒருவர் வந்து காரணத்தைத் தேட வேண்டும் என்பதற்காகத்தான். பொத்தானை அழுத்தி அழுத்தி உலையை ஓட்டுவது, வயரை இணைப்பதற்குச் சமம்.

வார இறுதிவரை குளிரைச் சமாளிக்க, மின்சார ஹீற்றர் ஒன்றைச் சுவரிலுள்ள செருகியில் நேரடியாகச் செருகி, திரைச்சீலைக்குத் தூரமாக வைத்துக்கொள்ளலாம். சமையல் அடுப்பைத் திறந்து வைத்துக் குளிர்காய்வதும், கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதும் கூடவே கூடாது. குளிரில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க, குழாய்களைத் துளித்துளியாக வடியவிட வேண்டும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் எனது தம்பியின் வீட்டில் சுடுநீர் பொயிலர், கடும் உறைபனி விழுந்த காலையில் மட்டும் நின்றுவிடுகிறது. மத்தியானத்துக்குப் பின் தானாகச் சரியாகிவிடுகிறது என்கிறார். இதுவும் பாதுகாப்பு சுவிச்சின் கோளாறா?
(வாசகர், திருக்கோவில்)

பதில்: கோளாறு சுவிச்சில் இல்லை, குழாயில். இக்காலத்துப் பொயிலர்கள் புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. அதனால் உண்டாகும் நீர், மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் வழியாக வெளியே வடிகிறது. அந்தக் குழாயின் ஒரு பகுதி வீட்டுக்கு வெளியே திறந்த சுவரில் போனால், உறைபனிக் காலையில் உள்ளே பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். நீர் பின்னால் தேங்கும். பொயிலர் தன்னைப் பூட்டிக்கொள்ளும். "மத்தியானத்தில் சரியாகிவிடுகிறது" என்பதே இதற்குச் சாட்சி. வெளிக்குழாயின் மேல் இளஞ்சூட்டு நீரை ஊற்றி உருகவைத்து, பின்னர் பொயிலரை மீளத் தொடக்கும் பொத்தானை அழுத்தலாம். கொதிநீரை ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். நிரந்தரத் தீர்வு, அந்தக் குழாயைப் பருமனானதாக மாற்றி, குளிர் தாங்கும் உறை போடுவது. பொயிலரின் மூடியைத் திறக்கும் வேலையை, அந்நாட்டுச் சட்டப்படி எரிவாயு வேலைக்கு அனுமதி பெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவரிடமே விட வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். எனது காஸ் அவனில் (போறணையில்) குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை நெருப்பு எரிகிறது. கையை எடுத்தவுடன் அணைந்துவிடுகிறது. பழுதுபார்க்க வந்தவர், குமிழுக்கு அடியில் சிறு மரச்சிம்பு ஒன்றைச் செருகி அழுத்தியபடியே வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படியே ஒரு மாதமாகப் பாவிக்கிறேன். இதில் ஆபத்து உண்டா?
(வாசகி, கல்முனை)

பதில்: ஆபத்து உண்டு. சிம்பை இன்றே எடுத்துவிடுங்கள், தங்கச்சி. கனடாவில் இணைக்கப் பார்த்த வயரும் கல்முனையில் செருகிய சிம்பும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. உங்கள் நிலைமை ஒரு வகையில் அதைவிட மோசமானது. குழாயில் வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது, மேலே எழுந்து கலைந்துபோக முயலும். நாம் பாவிக்கும் திரவ பெற்றோலிய வாயு காற்றைவிடப் பாரமானது. அவனுக்குள் நெருப்பு அணைந்து வாயு மட்டும் வந்துகொண்டிருந்தால், அது தரையில் படிந்து, அலுமாரிகளுக்கு அடியில் பரவி, குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் தொடங்கும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

உங்கள் அவனின் பாதுகாப்பு ஏற்பாடு மிக எளிமையானது, வெளியிலிருந்து மின்சாரமே தேவையில்லை. எரிமுனையின் ஓரத்தில், சுவாலையில் நனைந்தபடி நிற்கும் விரல்நுனி அளவான உலோக முனை ஒன்று தெரியும். அது வெப்பவிணை, கடையில் தெர்மோகப்பிள் என்று கேட்டால் தருவார்கள். இரு வேறு உலோகங்கள் சேருமிடத்தைச் சூடாக்கினால் சிறிது மின்னழுத்தம் பிறக்கும் என்ற பாடசாலைப் பாடந்தான் இங்கே வேலை செய்கிறது. பிறப்பது 20 முதல் 30 மில்லிவோல்ட் வரை. ஒரு ரோச் பற்றரியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வராது. அந்தச் சிறு மின்சாரம், வால்வுக்குள்ளிருக்கும் மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் குமிழை அழுத்தும்போது வால்வைக் கையால் திறக்கிறீர்கள். முனை சூடானதும் காந்தம் அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். நெருப்பு அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், வால்வு மூடும்.

கையை எடுத்தவுடன் அணைகிறது என்றால் காந்தத்துக்குப் போதிய மின்சாரம் வரவில்லை. முதலில் பொறுமையைச் சோதிக்க வேண்டும்: நெருப்புப் பற்றிய பின் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பலர் மூன்று விநாடியில் விட்டுவிட்டு அவன் பழுதென்கிறார்கள். அதிலும் நிற்காவிட்டால், சிலிண்டரை மூடி, அவனை நன்றாக ஆறவிட்டு, அந்த முனையைப் பாருங்கள். கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால் மிக நுண்ணிய மண்தாளால் மெதுவாகத் துடைக்கலாம். தேய்த்துக் குழிவிழச் செய்யக் கூடாது. முனை வளைந்து சுவாலைக்கு வெளியே போயிருந்தால் அதுவே காரணம். தாங்கியின் திருகாணி தளர்ந்தால் இப்படி ஆகும். மறுமுனை வால்வுடன் சேரும் இடத்தில் உள்ள சிறு சுரை தளர்ந்திருந்தாலும், அதில் பாசிநிறத் துரு படிந்திருந்தாலும் அந்த 20 மில்லிவோல்ட் அங்கேயே செத்துவிடும். நமது கரையோரத்தில் இது சாதாரணம். கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் சமையலறை இருப்பவர்கள், அடுப்பின் செப்பு இணைப்புகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து துடைத்தே ஆக வேண்டும். சுரையைத் திரும்பப் பூட்டும்போது விரலால் இறுக்கி, பின்னர் சாவியால் கால் சுற்று மட்டுமே திருப்ப வேண்டும். பலம் காட்டினால் மெல்லிய செப்புக் குழாய் முறியும். இவ்வளவும் செய்தும் நிற்காவிட்டால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள்; முழு அவனையும் மாற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். புதியது போட்டும் நிற்காவிட்டால்தான் வால்வுக்குள்ளிருக்கும் காந்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதை வீட்டில் கழற்ற வேண்டாம்.

வேறொரு காரணத்தையும் விசாரிக்க விரும்புகிறேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய அவன் என்றால், அது இயற்கை வாயுவுக்கு அமைக்கப்பட்டதாக இருக்கக்கூடும். ஒரே கனவளவில் நமது வாயுவில் சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் இருப்பதால், வாயு வெளிவரும் முனையான ஜெற்றின் துவாரம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். மாற்றாமல் பாவித்தால் சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக நீண்டு, கரி கக்கி, தெர்மோகப்பிளையும் கரியால் மூடும். கேக்கின் அடிப்பாகம் கருகினால் அதற்கும் இதுவே காரணமாகலாம். அத்துடன், அவனின் அடித்தட்டில் பிசுக்குப் படியாமலிருக்க அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்குள்ள துவாரங்கள் வழியாகத்தான் சுவாலைக்குக் காற்று போகிறது.

கேள்வி: மாரி காலத்தில் கரண்ட் நின்றால், மழைக்கு நனையாதபடி ஜெனரேற்றரை வீட்டு விறாந்தையில் வைத்து ஓட்டுகிறோம். கதவு ஜன்னல்கள் சாத்தியே இருக்கும். புகை மணம் பெரிதாக வருவதில்லை. எரிவாயு இல்லாததால் பயமில்லைத்தானே?
(வாசகர், வாழைச்சேனை)

பதில்: பயம் உண்டு. மேலே எழுதிய அதே காபனோரொட்சைட்டு பெற்றோல் இயந்திரத்தின் புகையிலும் இருக்கிறது, அதுவும் நன்றாக எரியும் காஸ் அடுப்பைவிடப் பல மடங்கு அதிகமாக. புகை மணம் குறைவதால் அந்த வாயு குறைவதில்லை. சாத்திய ஜன்னல் ஓரத்து இடைவெளியே அது உள்ளே வரப் போதும். ஜெனரேற்றர் வீட்டைவிட்டு ஆறேழு மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி, தனியான ஒரு கூரையின் கீழ், நாற்புறமும் திறந்த இடத்தில் இருக்க வேண்டும். வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்தால் அதைக் காய்ச்சல் என்று எண்ணிப் படுக்கவைக்காமல், எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

கேள்வி: சிலிண்டருக்கு மீற்றர் முகப்புள்ள பாதுகாப்பு ரெகியுலேற்றர் ஒன்று வாங்கினேன். குழாய் கழன்றாலோ வெட்டுப்பட்டாலோ தானாக வாயுவை நிறுத்திவிடும் என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் ஒன்றும் கழலாமலே சில நேரம் நிறுத்திவிடுகிறது. பொருள் பழுதா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: பழுதாக இருக்கலாம், ஆனால் அப்படி முடிவெடுக்க முன்னர் நீங்கள் அதை எப்படித் திறக்கிறீர்கள் என்று கவனியுங்கள். அதனுள்ளே ஒரு சிறு வால்வு உண்டு; வாயு திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி அது மூடிக்கொள்ளும். அடுப்புக் குமிழ் திறந்திருக்கும்போது ரெகியுலேற்றரைத் திறந்தாலும், வெறுமையான குழாயை வாயு திடீரென்று நிரப்பினாலும் அதே போல மூடும். அடுப்பின் குமிழ்களையெல்லாம் மூடிவிட்டு, ரெகியுலேற்றரைத் திறந்து, முகப்பிலுள்ள பொத்தானை மெதுவாக அழுத்திக் குழாயை நிரப்பிய பின் அடுப்பைப் பற்றவையுங்கள்.

இப்படிச் செய்தும் நின்றால் உண்மையான கசிவைத் தேட வேண்டும். அடுப்பை மூடியபடியே முள்ளின் நிலையைக் குறித்துவைத்து, ரெகியுலேற்றரை மூடி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். முள் விழுந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவினால் குமிழ் எழும் இடம் காட்டிக்கொடுக்கும். தீக்குச்சியால் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இந்தக் கருவி பெருங்கசிவை மட்டுமே நிறுத்தும். ரப்பர் குழாயின் வெடிப்பிலிருந்து மெதுவாகக் கசிவதை அது நிறுத்தாது. அதற்கு முள்ளைப் பார்க்கும் பழக்கமே துணை.

2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சமையலறைகளில் அடுத்தடுத்து வெடிப்புகள் நிகழ்ந்தபோது, சிலிண்டரிலுள்ள புரப்பேன், பியூற்றேன் விகிதம் மாற்றப்பட்டமை பெரும் விவாதமாகியது. புரப்பேனின் ஆவியமுக்கம் பியூற்றேனைவிடப் பல மடங்கு அதிகம். ஆகையால் அதன் பங்கு கூடும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறுகிறது, தளர்ந்த வால்வும் பழைய ரெகியுலேற்றரும் அதுவரை மறைத்து வைத்திருந்த குறை வெளியே வருகிறது. அந்த அச்சத்தில் பலர் உங்களைப் போல நல்ல ரெகியுலேற்றர் வாங்கினார்கள், ஆனால் அதே பழைய குழாயில் பொருத்திவிட்டார்கள். உங்கள் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் உற்பத்தி ஆண்டையும் காலாவதி ஆண்டையும் பாருங்கள். அது அழிந்து வாசிக்க முடியாமல் இருந்தாலோ, மடித்துப் பார்க்கும்போது மேற்பரப்பில் கீறல் கோடுகள் தெரிந்தாலோ, ரெகியுலேற்றரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் குழாயையும் அதன் இரு முனைக் கிளிப்புகளையும் மாற்றுங்கள்.